"நடங்க"ன்னு சொல்லிட்டாங்க, வீட்டுல விடணுமே!

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் ஒருவழியாக முடிந்தது. கிளம்பும்போது ஒரு தாளைக் கொடுத்து, "தினமும் நடங்க, எடை ஏறாம பாத்துக்குங்க" என்றார்கள். அவ்வளவுதான். அதன்பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே!

செருப்பை மாட்டினாலே அத்தை வந்துவிடுவார். "உடம்பு தேற வேண்டாமா கண்ணு? போய்ப் படு." பாசம்தான், சண்டையா போட முடியும்? பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸோடு வருவார்கள். படுக்கப் படுக்க அசதிதான் கூடியது.

என்னுடையது வேறு புற்றுநோய்தான், ஆனாலும் கேளுங்கள்: பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 889 பேரிடம், பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. ஆலோசகர் ஒருவர் மூன்று வருடம் கூடவே இருந்து உடற்பயிற்சி செய்யவைத்தவர்களில், எட்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 90 சதவீதம். கையேடு மட்டும் வாங்கிப் போனவர்களில் 83. இதை அத்தையிடம் சொன்னேன். "அவங்க ஊரு உடம்பு வேற" என்று முடித்துவிட்டார்.

சரி, ஆஸ்பத்திரியிலேயே சொல்லட்டும் என்று போனால் பிசியோதெரபி கவுன்ட்டரில், "டாக்டர் சீட்டு இல்லாம பாக்க மாட்டாங்க." சீட்டு எழுத வேண்டிய டாக்டர் அன்றைக்கு லீவு. பஸ் காசு தண்டம். நீங்கள் ஓபிக்குப் போகும்போதே சீட்டை எழுதி வாங்கிவிடுங்கள், கைப்பயிற்சியையும் சேர்த்து. ஆபரேஷனில் அக்குள் நெறிக்கட்டியை எடுத்த பக்கத்துக் கை என்றால், அதில் ஒரு சொம்புகூடத் தூக்காதே என்று ஊரே பயமுறுத்தும்.

மறுபடி போனபோது அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அதுதான். பிசியோ மேடம் சின்ன டம்பெல்லை என் கையில் கொடுத்து, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பயமில்லை, கை வீங்கினாலோ கனத்தாலோ உடனே வாருங்கள் என்று அத்தையைப் பார்த்தே சொன்னார். இப்போது "டம்பெல் எடுத்தியா?" என்று விரட்டுவதே அத்தைதான்.

தெருதான் இன்னும் திருந்தவில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பார்க்கில் நடந்தால், "சர்க்கரையை விட்டா கட்டி கரைஞ்சிருமாமே?" என்பார்கள். ஓபி வரிசையில் பழக்கமான அக்கா ஒருவர் துணைக்கு வந்த பிறகுதான் கூச்சம் போனது. ஸ்கேன் நெருங்கினால் இருவருக்குமே, நடந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிடும். அந்த வாரங்களில் ஒருவர் வீட்டு வாசலில் மற்றவர் ஸ்கூட்டி ஹாரன் அடிப்பது என்று பேசிவைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஸ்கேன். நாளைக்குக் காலை ஹாரன் என் முறை.