ஒந்தானாஸ்: பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும் ஊர்

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டிவிடுகிறேன். ஸ்பெயினில், காமினோ யாத்திரைப் பாதையில் இருக்கும் ஓர்னியோஸ் என்ற ஊரில் கால் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஊரான ஒந்தானாஸ் வெறும் பத்தரை கிலோமீட்டர்தான். அதற்கு 40 யூரோ கேட்டார்! எதையும் நூறால் பெருக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு. நாலாயிரம் ரூபாயா? போய்யா என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

சந்தியாகோ நகரத்து தேவாலயத்துக்கு யாத்ரீகர்கள் நடக்கிற இந்த காமினோ பாதையில், இந்த மெசேட்டா பீடபூமி போர் அடிக்கும் என்று பர்கோஸிலிருந்து லியோனுக்கு பஸ் ஏறிவிடுகிறவர்கள் நிறைய பேர். பாவம் அவர்கள். மரம் கிடையாது என்பது நிஜம்தான். இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட கோதுமை வயல், தலைக்கு மேல் வெயில். போன் வரைபடம் ஊர் வந்தாச்சு என்கிறது, எதிரே பார்த்தால் வெட்டவெளி. திடீரென்று பாதை கீழே சரிகிறது. முதலில் மாதா கோயில் கோபுரத்தின் உச்சி, அப்புறம் ஓட்டுக்கூரைகள். அவ்வளவு பக்கத்தில் போனால்தான் ஊரே தெரிகிறது!

ஊருக்குள் முக்கியமாக ஒரே தெரு, அதுதான் காமினோ பாதையும். ஆல்பெர்கே என்கிற யாத்ரீகர் விடுதியில் இரண்டடுக்குக் கட்டில் 12 யூரோ. குறட்டை இலவசம்.

சாப்பாட்டில்தான் கூத்து. "சைவம்" என்று ஸ்பானிஷில் அழுத்திச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போன அம்மா கொண்டுவந்த சாலட் மேல் ஒரு குவியல் சூரை மீன்! இறைச்சி இல்லையே, அப்புறம் என்ன என்கிற மாதிரி பார்த்தார். அந்த முகத்தில் கள்ளமே இல்லை, கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. தட்டை எடுத்துப்போய், பன்றித்தொடைத் துண்டு போடாமல் பூண்டு சூப் வைத்துத் தந்தார். பழைய ரொட்டி, புகைபோட்ட மிளகாய்த்தூள், நடுவில் உடைத்து ஊற்றிய முட்டை (முட்டை சாப்பிடும் சைவம் நான்). மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்தது. ஸ்பெயின் வந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்த ரசம் இதுதான்! ரொட்டி, ஒயின், இனிப்பு எல்லாம் சேர்த்து யாத்ரீகர் சாப்பாடு 14 யூரோ. மதியம் பட்டினி கிடந்ததை ஈடுகட்டிவிட்டது.

செலவு, தூரம் எல்லாம் அட்டவணை போட்டுத் தரலாம் என்றிருந்தேன். சூப்பில் மறந்தே போச்சு. சுருக்கமாக: பர்கோஸிலிருந்து சுமார் 31 கிலோமீட்டர். ஓர்னியோஸிலேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கையில் ரொக்கம் வேண்டும். மறுநாள் விடியற்காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் சான் அந்தோன் மடத்தின் இடிபாடுகளுக்குப் போய்விடலாம், தார்ச்சாலையே அதன் வளைவுக்கு அடியில்தான் போகிறது.