விளக்கு வைக்கும் வரை

நமது கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்த ஆசிரியர் சென்ற மாசியில் தமது 89ஆவது வயதில் காலமானார் என்ற செய்தி, ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் எனக்குக் கிடைத்தது. அவரிடம் கற்றவர்கள் அவருடைய கேத்திரகணித வகுப்புகளைப் பற்றியும், வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் அவர் வைக்கும் சோதனைகளைப் பற்றியும் இந்த மலரில் எழுதக்கூடும். நான் எழுத விரும்புவது, வகுப்பறைக்கு வெளியே அவர் எங்களுக்குச் செய்யாமல் விட்ட ஒன்றைப் பற்றி.

அவருடைய வீட்டுக்கு எதிரே இருந்த வளவை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அது 1970களின் முற்பகுதி. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பகுதித் தோட்டக்காரரின் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்த காலம். எங்கள் பெற்றோருக்கு விடிந்தாலும் தோட்டம், பொழுது சாய்ந்தாலும் தோட்டம். காலையில் பாண் வரிசையில் நிற்பதும், பள்ளி விட்டு வந்ததும் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடுவதுமே எங்களிடம் எதிர்பார்க்கப்பட்ட வேலைகள். அவை முடிந்துவிட்டால், நான்கு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எவரும் தேடியதில்லை.

சோளகம் வீசும் மாதங்களில், மண்ணில் கீறிய கோடுகளைக் காவல் நிற்பவர்களின் கை படாமல் கடக்கும் கிளித்தட்டு, வாடை தொடங்கியதும் பட்டம், இடையில் போளையும் கிட்டியும் என்று அந்த நேரத்தை நாங்களே பங்கிட்டுக்கொண்டோம். பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சையைக் கட்டவும், காற்றில் ஒலி எழுப்பும் விண்ணைப் பூட்டவும் எங்களுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. மூத்த பையன்களின் கைகளைப் பார்த்துப் பழகினோம். முச்சை பிழைத்தால் பட்டம் குத்திக்கொண்டு விழும். அவிழ்த்து மறுபடி கட்டுவோம். ஒரு பின்னேரம் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். சிலர் எதுவும் விளையாடாமல் மதகில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பொழுது வீணானது என்று அன்று எவரும் சொல்லவில்லை. இன்று என் வாழ்வில் மிகவும் பெறுமதி வாய்ந்த நேரமாக அதைத்தான் எண்ணுகிறேன்.

எட்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளித்தட்டில் கடைசிக் கோட்டையும் கடந்து பழமாகித் திரும்பிக்கொண்டிருந்த என் முதுகில், காவல் பக்கத்தில் கிளியாக நின்றவனின் விரல்கள் பட்டன. பட்டது எனக்குத் தெரியும். இருந்தும், படவில்லை என்று அடித்துச் சொன்னேன். ஆட்டம் நின்றது, பத்துப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் ஆசிரியர் இருப்பதைக் கண்ட ஒருவன், அவரிடமே கேட்போம் என்றான். படலையடியில் போய் நின்று, "சேர், நீங்கள் பார்த்தனீங்கள்தானே, பட்டதோ இல்லையோ?" என்று கேட்டோம். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அது உங்கடை விளையாட்டு. நீங்களே கதைச்சு முடியுங்கோ" என்று சொல்லிவிட்டு மறுபடி பத்திரிகையை விரித்தார்.

அன்று எங்களால் கதைத்து முடிக்க இயலவில்லை. கோடுகளைக் காலால் அழித்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். மறுநாள் கன்னை பிரித்தபோது இரு பக்கத்தாரும் என்னைக் கூப்பிடவில்லை. மூன்று பின்னேரங்கள் கிளுவை வேலியோடு ஒட்டி நின்று மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் வாங்கிய எந்த அடியும் அந்த மூன்று நாட்களைப் போல என்னை வருத்தியதில்லை. நான்காம் நாள் கிளியாக நின்றவனிடம் நேரே போய், "பட்டது" என்றேன். அவன் வேறொன்றும் பேசாமல் கையில் இருந்த தடியை என்னிடம் நீட்டி, "கோட்டைக் கீறு" என்றான்.

1986இல் நான் கனடாவுக்கு வந்தேன். மூத்த மகன் பிறந்தது 1991இல். சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை அந்த ஆண்டு யூலையிலும் கனடா டிசம்பரிலும் ஏற்று உறுதிசெய்தன. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்று அதன் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த உரிமையை அங்கே குண்டுவீச்சு பறித்தது. என் வீட்டில் நானே பறித்தேன். திங்கள் நீச்சல், செவ்வாய் மிருதங்கம், புதன் கணித வகுப்பு, சனி உதைபந்தாட்டம், ஞாயிறு தமிழ்ப் பள்ளி என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அட்டவணை ஒட்டியிருந்தேன். இரண்டு வேலை செய்துகொண்டிருந்த எனக்கு, பிள்ளை வெறுமனே இருந்தால் நாட்டை விட்டு வந்ததே பயனற்றுப் போய்விடும் என்ற பயம் இருந்தது. ஒரு சனிக்கிழமை மைதானத்தில் மகனுக்கும் இன்னொரு சிறுவனுக்கும் இடையே பந்து பற்றிய பிணக்கு எழுந்தபோது, நான் உள்ளே போய் அவனுக்காக வாதாடினேன். அவன் என் பின்னால் நின்றானே தவிர, வாய் திறக்கவில்லை. அவனுக்கு ஒரு நான்காம் நாள் வருவதற்கு நான் இடம் வைக்கவே இல்லை.

போர்நிறுத்தக் காலத்தில், 2003இல், மகனையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனபோது ஆசிரியரைப் பார்க்கச் சென்றேன். தேநீர் குடித்துக்கொண்டே, அன்று என் முதுகில் பட்டதைக் கண்டீர்களா என்று கேட்டேன்.

"கண்டனான், தம்பி. நீ மூண்டு நாள் வேலியோடை நிண்டதையும் கண்டனான். கூப்பிட்டு ஏதும் சொல்லிப்போடுவனோ எண்ட பயத்திலை கதிரையைத் தூக்கிக்கொண்டு பின் விறாந்தைக்குப் போயிட்டன்."

அந்த மூன்று நாட்களும் முன் விறாந்தை வெறுமையாகக் கிடந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அவர் எங்கோ வெளியே போயிருக்கிறார் என்றுதான் அன்று எண்ணியிருந்தேன்.

மகனை எதிர் வளவுக்குப் போய் விளையாடச் சொன்னேன். போனான். நாங்கள் எப்படி விளையாடினோம் என்று அவனுக்குச் சொல்லியிருந்ததால், ஒரு தடியை எடுத்து மண்ணில் நீளமாக ஒரு கோடு கீறினான். அன்று ஆடிய பத்துப் பேரில் ஒருவருடைய பிள்ளையாவது அந்த ஊரில் இருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் புறப்பட்டு வந்துவிட்டோம். ஒழுங்கையில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளின் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, ஒன்றும் நிற்கவில்லை. மகன் கோட்டின் மேல் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, தடியை வேலியோரம் சாத்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.