கிணத்தில ரெண்டு வரி

26.11.2024
ஏ.எல் புவியியல் சோதனையில எனக்குத் தேசப்படம்தான் பயம். போன முறையும் அதிலதான் போனது. 1:50,000 எண்டால் 2 சென்ரிமீற்றருக்கு 1 கிலோமீற்றர், நித்திரையிலயும் சொல்லுவன், ஆனா பக்கப்பார்வை (நிலத்தை வெட்டிப் பக்கத்தால பாத்த மாதிரிப் படம்) கீறேக்க நிலைக்குத்து அளவிடை எங்கயோ பிழைச்சு மலையெல்லாம் ஊசி மாதிரி நிக்குது. இலங்கையில உயர்ந்த மலை பிதுருதலாகல, 2,524 மீற்றர். நான் கண்டது கீரிமலை, அதில மலையே இல்லை.

இரவு: சோதனை நிப்பாட்டியாச்சாம். அம்பாறை காரைதீவில உழவு மெசின்ல வந்த பிள்ளையளை வெள்ளம் கொண்டு போட்டுதாம். புத்தகம் திறக்கேல்லை.

27.11
கரண்ட் இல்லை.

28.11
கிணத்தில நேற்று தண்ணிக்கு மேல 5 வரி கல்லுத் தெரிஞ்சது, இண்டைக்கு 2. கயிறு வேண்டாம், குனிஞ்சு அள்ளலாம். யாழ்ப்பாணத்து நிலம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல், மழை நேர கீழ இறங்கும், உவர்த் தண்ணிக்கு மேல நன்னீர் வில்லை மாதிரி மிதக்கும், கடல்மட்டத்துக்கு மேல 1 அடி நிண்டா கீழ 40 அடி எண்டு எழுதி எழுதிப் பாடமாக்கினது, ஆனா மழை இறங்கிற ஓட்டையால மலசலகூடக் குழித் தண்ணியும் இறங்கும்தானே. பக்கத்து வீட்டுக் குழி எங்கட கிணத்துக்கு எத்தினை அடி? மதிலால எட்டிப் பாத்து எண்ணிக்கொண்டு நிண்டன். அன்ரி "என்ன பிள்ளை தேடுறாய்" எண்டா. அம்மாட்டச் சொன்னன். கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம், நீ போய்ப் படி எண்டிட்டா.

29.11
புயலுக்கு ஃபெங்கல் எண்டு பேர் வைச்சிட்டாங்கள். சவூதி குடுத்த பேராம்.

30.11
பாண்டிச்சேரிப் பக்கம் கரையேறுதாம். எங்களுக்குச் சோதனை 4ந் திகதி திரும்பத் தொடங்குதாம். அயனச் சூறாவளி எழுதிப் பாத்தன்: சூடான கடல், மத்தியகோட்டிலயிருந்து 5 பாகையாவது தள்ளி, பூமி சுத்திறதால வாற கொரியோலிசு விசை. முழுசா வந்துது. இது வராது, பேப்பர் எப்பவோ அடிச்சாச்சு.

01.12
வழுக்கியாறு ஓடுது! அப்பா சைக்கிள்ல கூட்டிக்கொண்டு போனார். மண்ணிறம், வாழைத்தண்டு ஒண்டு உருண்டு உருண்டு அராலிப் பக்கம் போகுது. "உது வாய்க்கால் பிள்ளை" எண்டார். பருவகால ஆறு எண்டன். வீடு வந்து சேருமட்டும் சண்டை.

02.12
பக்கப்பார்வை 3 தரம் கீறினன். ஊசி, ஊசி, கொஞ்சம் மழுங்கின ஊசி.

03.12
அட்மிசன் காட்டைப் பொலித்தீன்ல சுத்தி வைச்சாச்சு. கிணறு 3 வரி, கலங்கல் குறையேல்லை. குழி 31 அடி, என்ர கால் அடியால. அம்மாவின்ர காலால எண்டா