ஏழு மணிப் பசியும் எண்பது யூரோ பில்லும்

ஸ்பெயினின் வடமேற்கில் உள்ள சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவின் பழைய நகரத்தில் ருவா தோ ஃபிராங்கோ என்றொரு தெரு. வரிசையாகக் கடலுணவுக் கடைகள். கண்ணாடித் தொட்டிக்குள் இருந்து நண்டும் சிங்கி இறாலும் போகிற வருகிறவரை எல்லாம் முறைத்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் 7 மணிக்கே பசியோடு போய் நின்றால் நீங்களும் அவற்றை முறைக்கலாம், அவ்வளவுதான். பல கடைகளில் இரவுச் சமையல் 8.30-க்குத்தான் சூடு பிடிக்கும்.

மெனுவில் விலை இருக்க வேண்டிய இடத்தில் 'சந்தை விலைப்படி' என்று போட்டிருந்தால் உஷாராகுங்கள். எண் போட்டிருந்தாலும் அது கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்று பாருங்கள். "எடை போட்டு, மொத்தம் எவ்வளவு என்று சொல்லுங்கள்" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். கேட்க வேண்டியது நண்டு பானைக்குள் போவதற்கு முன்னால்.

முதலில் ஆக்டோபஸ். நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்களே, அதேதான். உறையவைத்து எடுத்தால் தசைநார் தளர்ந்து மெத்தென்று வேகும். கொதிக்கும் நீரில் மூன்று முறை முக்கி எடுத்துவிட்டுத்தான் முழுசாக இறக்குவார்கள். தோல் உரியாமல் இருக்க இந்தச் சடங்கு. வெந்ததும் கத்தரிக்கோலால் வில்லை வில்லையாக வெட்டி, மரத்தட்டில் பரப்பி, கல்லுப்பு, மிளகாய்த்தூள், ஆலிவ் எண்ணெய். குத்திச் சாப்பிடப் பல்குச்சி. ரப்பராக இழுத்தால் வேகவில்லை, தோல் வழுக்கிக் கழன்றால் குழைந்துவிட்டது.

அடுத்து பெர்செபெஸ், பாறையில் ஒட்டி வளரும் ஒரு கடலுயிரி, கொட்டலசு வகை. டைனோசர் குட்டியின் கால்விரலை வெட்டி வைத்தது போலிருக்கும். அலை மோதும் பாறையில் உயிரைப் பணயம் வைத்துச் சுரண்டி எடுப்பதால் விலையும் அப்படி. கிறிஸ்துமஸ் நெருங்கினால் இன்னும் ஏறும். ருசி பார்க்க இருவருக்கு 200 கிராம் போதும். உப்பு நீர் கொதிக்கும்போது போட்டு, மறுபடி கொதி வந்ததும் எடுத்துவிடுவார்கள். சூடாகவே தின்ன வேண்டும்.

தின்பதில்தான் கூத்து. நகம் போன்ற நுனியை ஒரு கையில் பிடித்து, அதற்குச் சற்றுக் கீழே கறுப்புத் தோலைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளித் திருகி இழுத்தால் உள்ளே இளஞ்சிவப்புச் சதை வரும். கூடவே சூடான உப்புத்தண்ணீர் பீய்ச்சும். நுனியைத் தட்டின் பக்கம் சாய்த்துப் பிடிக்காவிட்டால் எதிரில் இருப்பவர் சட்டை அபிஷேகம்தான். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை நகர்த்தினால் கோபிக்காதீர்கள், அனுபவம்.

கூடவே பத்ரோன் மிளகாய் வாங்கினால் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். நம்பி வாயில் போடும் ஏதோ ஒன்று மட்டும் கண்ணில் நீர் வரவழைக்கும். எது என்று சமையல்காரருக்கும் தெரியாது.

சாப்பிட்டு முடித்தும் பில் வராது. மறந்துவிடவில்லை, கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் எழுந்து போகச் சொல்வதாகிவிடும். கை தூக்கிக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் கேட்காமலேயே வந்த ரொட்டிக்கும் அதில் தனியாக விலை போட்டிருக்கக்கூடும். எடையை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு கார்டை நீட்டுங்கள்.