முற்பணம் வாங்க முன் பேச வேண்டியவை

கொழும்பில் வெள்ளவத்தையிலோ செட்டியார் தெருவிலோ கடை வைத்திருக்கும் ஒருவர் இணையத்தளம் செய்து தர உங்களைக் கூப்பிட்டால், நிறமும் லோகோவும் பற்றித்தான் முதலில் பேசுவார். சரி, கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முற்பணம் கைக்கு வருவதற்கு முன்பே எழுத்தும் படங்களும் யார் தருவது, எந்தத் தேதிக்குள், எத்தனை தடவை திருத்தலாம் என்பதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்துவிடுங்கள், ஏனென்றால் நான் பார்த்தவரை வேலை இழுபடுவது டிசைனால் இல்லை, இவை வந்து சேராததால்தான்.

மூன்று மொழி விஷயம் தனி. "தம்பி, சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் போடுங்கோ" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தமிழ்ப் பகுதி பலமுறை பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) அடித்த பழைய நோட்டீஸிலிருந்து வரும். அதை அப்படியே ஒட்டினால் திரையில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். எந்தத் திரையிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி, பிறகு ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் பிழை பார்க்க வேண்டும். இதற்கு நேரமும் காசும் போகும் என்று முதல் நாளே சொல்லுங்கள். தமிழ் வரிகள் நீளம் கூட, ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனுக்குள் அடங்காது, அதனால் மாதிரிப் பக்கத்தை நான் தமிழில்தான் முதலில் காட்டுவேன்.

கூகுளில் முதலிடம் என்று எவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். யாராலும் அதை உறுதிப்படுத்த முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது, அந்தப் பக்கத்தை ஃபோனில் திறந்து காட்டுங்கள். அப்புறம், டொட் எல்கே (.lk) என்று முடியும் இணைய முகவரியை வாடிக்கையாளரின் பெயரிலேயே பதிந்து, புதுப்பிக்கும் கட்டணம் உங்கள் கூலியில் சேராது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.