சாப்பிடாவிட்டால் விட்டுவிடுங்கள்

எங்கள் வீட்டில் வளர்க்கும் டாரன்டுலா என்ற பெரிய மயிர்ச் சிலந்தி மறுபடியும் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. சிலி நாட்டு ரோஸ் ஹேர் வகை. மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது இதற்குச் சகஜம். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் காயக்கூடாது.

நேற்று இரையாக உயிரோடு ஒரு சுவர்க்கோழிப் பூச்சியை விட்டேன். அதன் மீசை பட்டதும் சிலந்தி முன்னங்காலைத் தூக்கி ஒரே தள்ளு, அப்புறம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. பார்த்தால், வயிற்றின் மேல் முடி உதிர்ந்த இடம் கறுத்திருக்கிறது. தோல் உரிக்கப் போகிறது! உடனே சுவர்க்கோழியை எடுத்துவிட்டேன். மல்லாந்து தோல் உரிக்கும்போது உடம்பு அவ்வளவு மென்மை, இரையே அதைக் கடித்துக் கொன்றுவிடும். உரித்த பிறகும், வெளுத்திருக்கும் நச்சுப்பற்கள் கறுத்து இறுகும்வரை எதுவும் போடக்கூடாது.

தெருப் பிள்ளைகள் ஆசையாக வயலில் வெட்டுக்கிளி பிடித்து வருகிறார்கள். வேண்டாம்டா கண்ணுகளா! மன்னார்குடிப் பக்கம் இப்போது சம்பாவுக்கு மருந்தடிக்கிறார்கள். அந்த மருந்து இரை வழியாகச் சிலந்தியையும் கொல்லும். முட்டை அட்டை வைத்து, தவிடும் கேரட்டும் போட்டு நானே வளர்க்கும் சுவர்க்கோழிதான் இதற்கு.

திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் யாராவது டாரன்டுலா வளர்த்தால் சொல்லுங்கள், சுவர்க்கோழிக் குஞ்சுகள் நிறைய இருக்கின்றன, தருகிறேன்.