துப்ரோவ்னிக் மதில் மேலே

குரோவேஷியாவின் கடலோரப் பழைய ஊர்களைச் சுற்றும் குழுப் பயணத்தில் இன்று கடைசி ஊர். ஸ்பிலிட்டில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கட்டிய அரண்மனைக்குள் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன, கொடியில் துணி காய்கிறது, கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய அவருடைய கல்லறை மண்டபம்தான் இப்போது பேராலயம்! ட்ரோகிருக்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள், போதவே இல்லை.

சரி, துப்ரோவ்னிக். மதிலைச் சுற்றி 1,940 மீட்டர் நடை. மேலிருந்து பார்த்தால் கூரை ஓடுகள் ஒரே நிறமில்லை. மங்கியவை பழையவை, பளிச்சென்று இருப்பவை யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரில், யூகோஸ்லாவியப் படை இந்த ஊரை வளைத்த 1991-92 முற்றுகையில் குண்டு விழுந்த வீடுகளுக்கு அப்புறம் வேய்ந்தவை என்று வழிகாட்டி அம்மா கை நீட்டிக் காட்டினார். காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை, எங்களில் யாருமே பேசவில்லை. பிறகு நடந்த தூரமெல்லாம் நான் பழைய ஓட்டைத்தான் தேடிக்கொண்டே வந்தேன், அவ்வளவு குறைவு.

கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருபவர்களை 30 நாள் வெளியே தங்கவைத்த பிறகே உள்ளே விட வேண்டும் என்று 1377-லேயே சட்டம் போட்ட ஊரும் இதுதான். கொரோனா காலத்தில் ஓர் அறைக்குள் 14 நாள் தனியாக இருந்தவள் நான், அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

போகிறவர்கள் காலையிலேயே மதில் ஏறிவிடுங்கள், வெயிலுக்கு நிழலே கிடையாது.